நான்காவது பெயர்

– ட்ராயிங் மாஸ்டரையுமா? நல்லாக் கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா, கோப்பு?

– அவர் சம்சாரமே போன் பண்ணிச் சொன்னாங்க டீச்சரம்மா. காலையில பல்லு விளக்கிட்டு இருந்தாராம். வாய் கொப்பளிக்கக்கூட விடலையாம்.

– எத்தனை பேர் வந்தாங்க?

– நாலு பேர். ‘சார், சார்’னு மரியாதையாத்தான் கூப்பிட்டாங்களாம். சட்டை மாட்டிட்டு வந்துடறேன்னு சொன்னதுக்கு, ‘எதுக்கு சார், அங்க ஒரே புழுக்கமா இருக்கும், பனியனோடயே வாங்க’ன்னாங்களாம்.

– எங்க வச்சிருக்காங்க?

– அதுதான் தெரியல. ஸ்டேஷன்ல கேட்டா கல்வி அலுவலகத்தைக் கேளுங்கறான். கல்வி அலுவலகத்துல கேட்டா, ‘நாங்க பாடம் நடத்துறவங்க, ஆளைப் பிடிக்கிறவங்க இல்லை’ன்னு சிரிக்கிறான்.

– கதவைச் சாத்துங்க. அலமாரியைத் திறந்து அந்த ரெஜிஸ்டரை எடுங்க.

– கூட்ட ரெஜிஸ்டரா? இங்கயா? வேண்டாமே டீச்சரம்மா. கீழ அந்தச் சாம்பல் கலர் வேன் காலையில இருந்து இஞ்சினை அணைக்காம நிக்குது.

– நிக்கட்டும். நான் இன்னும் மாகாண சபை உறுப்பினர்தான். இந்த அறைக்குள்ள யார் வரணும்னாலும் சபாநாயகர் அனுமதி வாங்கணும்.

– உள்ளதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வாசல்ல உங்க பேர்ப்பலகையில நேத்து நாலு திருகாணி இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டுதான் இருக்கு.

– எடுங்கன்னா எடுங்க.

– எடுத்தாச்சு. தூசி தட்டிட்டுக் குடுக்கறேன்.

– ஒரு வாரத்துல என்ன தூசி? படிங்க. முதல் வரியில இருந்து.

– ‘ஆசிரியர் சங்கம், செயற்குழுக் கூட்டம். நாள், வெள்ளிக்கிழமை. பொருள், விடைத்தாள் திருத்தும் பணியைப் புறக்கணித்தல்.’ இதை இவ்வளவு முத்து முத்தா எழுதி வச்சிருக்கணுமா டீச்சரம்மா? ஊர்ல வேற எந்தக் கூட்டமாவது இந்த மாதிரி விஷயத்துக்கு வருகைப் பதிவு எடுக்குமா?

– போன வெள்ளிக்கிழமை அது குத்தமே இல்லையே. இந்தப் புதன்கிழமை, புறக்கணிப்புன்னு பேசினாலே குத்தம்னு ஒரு உத்தரவைப் போட்டு, பத்து நாளைக்கு முன்னாலருந்தே செல்லும்னு தேதி குறிச்சான் பாருங்க, அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? பரீட்சை எழுதி முடிச்சவனுக்கு அப்புறமாக் கேள்வித்தாள் குடுக்கிற கதை.

– நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்களா? தூக்கு மேடைக்குப் போனாக்கூட, ‘கையெழுத்து எங்க சார் போடணும்?’னு பேனாவைத் தேடுவாங்க. போடலைன்னா வந்த மாதிரியே இருக்காது.

– பேச்சை நிறுத்திட்டுப் பேரைப் படிங்க.

– ஒண்ணு, பூகோள மாஸ்டர்.

– நேத்து காலையில.

– ரெண்டு, பாட்டு டீச்சர்.

– நேத்து மத்தியானம். வகுப்புல இருந்தே.

– மூணு, ட்ரில் மாஸ்டர்.

– நேத்து சாயங்காலம், மைதானத்துல. பிள்ளைங்க பாத்துட்டு நின்னிருக்கு. அடுத்தது?

– நாலு, சயன்ஸ் மாஸ்டர்.

– ம்.

– அஞ்சு, ட்ராயிங் மாஸ்டர்.

– இன்னைக்குக் காலையில. புரியுதா கோப்பு? சங்கத்துல யார் பெரிய பொறுப்புன்னு பாத்து எடுக்கலை. வயசைப் பாக்கலை. ஊரைப் பாக்கலை. அன்னைக்குப் பெஞ்சுல யார் பக்கத்துல யார் உக்காந்து கையெழுத்துப் போட்டாங்களோ, அதே வரிசை. இந்த நோட்டைப் பாக்காதவனுக்கு இந்த வரிசை தெரியவே தெரியாது.

– முப்பத்தொரு பேர் இருக்காங்க டீச்சரம்மா. நாலு போக, மீதி இருபத்தேழு பேர் இந்நேரம் வீட்டுல...

– இருபத்தாறு.

– முப்பத்தொண்ணுல நாலு போனா...

– கழிக்க எனக்குத் தெரியும். நாலாவது ஆளை ஏன் சேக்குறீங்க? மூணாவது ஆளை எடுத்தாங்க, அஞ்சாவது ஆளை எடுத்தாங்க. நடுவுல ஒருத்தனைத் தாண்டிப் போனாங்களே, ஏன்?

– வீட்டுல இல்லாம இருந்திருக்கலாம்.

– பூகோள மாஸ்டரும்தான் வீட்டுல இல்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய் எடுத்தாங்களே.

– சயன்ஸ் மாஸ்டரா? சீச்சீ. அந்தத் தம்பி கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார் டீச்சரம்மா. காகிதத்துல ஏந்தி வெளிய விடுவார். நானே பாத்திருக்கேன்.

– நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கூட்டம் முடிஞ்சதும் இந்த நோட்டை யார் உள்ள வச்சுப் பூட்டினது?

– நீங்க.

– சாவி எத்தனை?

– ரெண்டு. உங்க கைப்பையில ஒண்ணு. என் அரைஞாண்ல... இந்தா, இங்க ஒண்ணு. என்ன டீச்சரம்மா இது, என்னையா?

– உங்களைச் சந்தேகப்பட்டா அப்புறம் நான் என்னையேதான் சந்தேகப்படணும். முப்பது வருஷம். கோப்புங்கற பேரே நிலைக்கிற அளவுக்குக் காகிதக் கட்டைத் தூக்கிட்டு, பள்ளிக்கூட ஆபீஸ்ல இருந்து சபை வரைக்கும் என் பின்னாடியே வந்தவர் நீங்க.

– உள்ளதைச் சொல்றேன். திங்கக்கிழமை காலையில நான்கூட ஒருதரம் இந்த நோட்டை வெளிய எடுத்தேன். எப்பவும் எடுக்கிறதுதான், அந்த...

– அதான் உங்களைக் கேக்கலைன்னு சொல்லிட்டேனே. கூட்டத்தன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க. நோட்டு சுத்தி வந்து முடிஞ்சதும் யார் கையில இருந்துச்சு?

– சயன்ஸ் மாஸ்டர் வாங்கினார். டீக்கு எத்தனை பேர்னு எண்ணிச் சொல்லணும்னு.

– நோட்டோடவா வெளிய போனான்?

– ஆமா. கடைக்காரப் பையன் வராந்தாவுல நின்னான்.

– எவ்வளவு நேரம்?

– ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

– முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ண ஒரு சயன்ஸ் மாஸ்டருக்குப் பத்து நிமிஷமா? போன் யாரும் கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தோமே. அவன் கையில போன் இருந்துச்சா, இல்லையா?

– இருந்துச்சு. தூணுக்குப் பின்னாடி நின்னு மெதுவாப் பேசிட்டு இருந்தார். ஆனா டீச்சரம்மா...

– ஆனாவை விடுங்க. பேசினானா இல்லையா?

– பேசினார்.

– திரும்பி உள்ள வந்தப்போ முகம் எப்படி இருந்துச்சு? நான் மேடையில இருந்து பாத்தேனே. வேர்த்து ஊத்திட்டு இருந்துச்சு. கூட்டம் முடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு ஓடினான். ‘டீச்சர், மன்னிச்சுக்கோங்க, அவசரம்’னு.

– அவசரம்தான் டீச்சரம்மா, அவங்க வீட்டுல...

– எல்லார் வீட்டுலயும்தான் அவசரம்! பாட்டு டீச்சர் வீட்டுல ரெண்டு பெண் குழந்தைங்க நேத்துல இருந்து பக்கத்து வீட்டுல சாப்பிடுது. காலையில இருந்து மூணு தரம் அவனுக்குப் போன் போட்டாச்சு. எடுத்தானா?

– எடுக்கல.

– வேற என்ன வேணும்?

– ஒரு தரம் நேர்ல கேட்டுடலாமே. உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க சர்வீஸ்ல ஒரு பிள்ளையைக்கூட விசாரிக்காம வெளிய நிக்க வச்சதில்லை. அந்த உலக உருண்டை உடைஞ்சப்போ ரெண்டு நாள் விசாரிச்சீங்க. அத்தனை பேரும் ஒரே பையனைக் கைகாட்டியும் நீங்க பிரம்பைத் தொடலை.

– அது அட்டை உருண்டை, கோப்பு. இது ஆளுங்க. ரெண்டு நாள் விசாரிச்சேன்னா இந்த நோட்டுல பாதிப் பேர் மிச்சம் இருக்க மாட்டாங்க. அவன் இன்னும் நம்ம கூடவே சுத்துறான். இருபத்தாறு பேரும் அவனை நம்பி, எங்க ஒளிஞ்சிருக்கோம்னு சொல்லிட்டு இருந்தா?

– அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?

– சங்க ஹாலுக்குப் போன் போடுங்க. யார் இருக்காங்க அங்க?

– எல்லா வீட்டு ஆளுங்களும் இருக்காங்க. ட்ரில் மாஸ்டரோட தம்பிங்க மூணு பேரும் நேத்துல இருந்து அங்கயே கிடக்காங்க.

– பட்டறைக்காரங்களா?

– லாரிப் பட்டறை. ஆள் ஒவ்வொருத்தனும் இந்த அலமாரி அளவுக்கு இருக்கான்.

– காட்டிக் குடுத்தது சயன்ஸ்தான்னு சொல்லுங்க. யாரும் அவனை வீட்டுல சேக்க வேண்டாம், அவன்கிட்ட வாயைத் திறக்க வேண்டாம். நான் சொன்னேன்னு சொல்லுங்க.

– நீங்க சொன்னீங்கன்னு சொன்னா அது தீர்ப்பாயிடும் டீச்சரம்மா. வெறும் வாயால கேக்குற ஆளுங்க இல்லை அவங்க.

– கேக்கட்டும். அண்ணனைக் காணோம்னு தவிக்கிறவங்களுக்குக் கேக்குற உரிமை உண்டு.

– கையை வச்சுட்டாங்கன்னா?

– இத்தனை வீடு இருண்டு கிடக்கு. அவன் வீட்டுல மட்டும் விளக்கு எரியணுமா? போங்க. இந்த அறை போன் வேண்டாம், ரெண்டு நாளா அதுல யாரோ மூச்சு விடுற சத்தம் கேக்குது. லைப்ரரிக்காரர் அறையில போய்ப் பேசுங்க.

– உள்ளதைச் சொல்றேன் டீச்சரம்மா, எனக்குக் காலு வரலை.

– கோப்பு.

– போறேன். போறேன்.

– உள்ள வரலாமா டீச்சர்?

– யாரது? மானிட்டரா? உள்ள வந்து நின்னுக்கிட்டு என்னடா வரலாமா?

– கதவைத் தட்டினேன். நீங்க ரெண்டு பேரும் பேச்சு மும்முரத்துல இருந்தீங்க. மனசுல வச்சுக்காதீங்க.

– எவ்வளவு நேரமா வெளிய நின்ன?

– உள்ள பாடம் நடக்கும்போது குறுக்க வரக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானே. கோப்பு அண்ணன் என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போறார். அந்தக் காலத்துல நோட்டுக்கு அட்டை போட்டுக் குடுத்த மனுஷன். உக்காரட்டுமா?

– முதலமைச்சரோட தனிச் செயலாளரை நிக்க வைக்க முடியுமா? உக்காரு.

– உங்க முன்னாடி உக்கார்றதுன்னா இப்பவும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அட, அந்தப் பழைய விடுப்பு உத்தரவை இன்னும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்களா?

– அதைக் கழட்டுறதுக்கும் ஆள் அனுப்பியிருக்கீங்களா, பேர்ப்பலகையைக் கழட்டுற மாதிரி?

– நான் ஏன் கழட்டணும்? அதுக்காக நீங்க போராடினப்போ நான் ஏழாம் வகுப்பு. நீங்க ஒன்பது நாள் கல்வி அலுவலக வாசல்ல வெயில்ல உக்காந்தீங்க. நாங்க ஆத்துத் தண்ணி மொண்டுட்டு வந்து குடுத்தோம். அதுக்கு முன்னாடி சங்கக் கூட்டம்னு போனாலே ஒரு நாள் சம்பளம் போகும். ‘கூட்ட விடுப்பு’ங்கற வார்த்தையே நீங்க உண்டாக்கினதுதான். அதுக்காகத்தானே டீச்சருங்க உங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்து இந்தச் சபையில உக்கார வச்சாங்க. ரெண்டு தடவை.

– புகழ்ந்து முடிச்சிட்டியா? ட்ராயிங் மாஸ்டர் எங்க?

– நல்லா இருக்கார். காலையில டிபன் சாப்பிட்டார்.

– பல்லு விளக்க விட்டீங்களா?

– டீச்சர், அந்த நக்கல் மாறவே இல்லை.

– நீயும்தான் மாறலை. பேசுறவன் பேரை எழுதி வைக்கிற வேலையை இன்னும் விடலையே.

– அந்த வேலையைக் குடுத்ததே நீங்கதான். நீங்க ஆபீஸுக்குப் போறப்போ சாக்பீஸைக் கையில குடுத்து, ‘பேசுறவங்க பேரைப் போர்டுல எழுதி வை’ன்னீங்க. எவ்வளவு பெருமையா இருக்கும் தெரியுமா? அன்னைக்கு நாப்பது பேர் வகுப்பு. இன்னைக்கு மாகாணம். அவ்வளவுதான் வித்தியாசம். ஒண்ணு சொல்லட்டுமா? அந்த உலக உருண்டையை உடைச்சது நான்தான்.

– தெரியும்.

– தெரியுமா?

– ரெண்டாவது நாளே தெரியும். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்.

– இருபத்தாறு வருஷம் ஆயிடுச்சு டீச்சர்.

– நேரங்கழிச்சுத்தான் வந்திருக்க. சொல்லு, எதுக்கு வந்த?

– திங்கக்கிழமை அந்தப் புதன்கிழமை உத்தரவு சபைக்கு வருது. பதினெட்டு எங்களுக்கு. பதினெட்டு அவங்களுக்கு. நீங்க ஒருத்தர் மிச்சம். எதிர்த்துப் பேச வேண்டாம், ஆதரிச்சும் பேச வேண்டாம். கையைத் தூக்காம உக்காந்திருந்தா போதும். சமமா வந்தா சபாநாயகர் ஓட்டு எங்களுக்குத்தான்.

– என் ஆளுங்க?

– அன்னைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்துருவாங்க. வேலை போகும். ஆள் வருவாங்க.

– மாட்டேன்னா?

– பட்டியல் நீளமா இருக்கு டீச்சர். இன்னும் அஞ்சாவது ஆளுக்கே வரலை நாங்க.

– அஞ்சாவது ஆள்தானே ட்ராயிங்?

– ட்ராயிங் மாஸ்டர் நாலு.

– அஞ்சு. நாலாவது ஆளை நீங்க தாண்டிட்டீங்க. என்கிட்டயே கணக்குப் போடாதடா. சயன்ஸுக்கு என்ன குடுத்தீங்க? பதவியா? ஊர் மாத்தலா? சின்ன வயசுப் பையன், அவனை எதைக் காட்டி வாங்கினீங்க?

– எந்த சயன்ஸ்?

– நடிக்காத.

– உங்கமேல சத்தியமா நடிக்கலை. எங்க பட்டியல்ல சயன்ஸ் மாஸ்டர்னு யாருமே இல்லை. மொத்தம் முப்பது பேர்.

– முப்பத்தொண்ணு! ட்ரில் மாஸ்டருக்கும் ட்ராயிங் மாஸ்டருக்கும் நடுவுல உக்காந்திருந்தான். அதே பள்ளிக்கூடம். மேல்நிலை வகுப்பு எடுக்கிறவன். வந்து உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு உங்களுக்குப் போன் பண்ணவன். அவனை உங்க கணக்குல சேக்க மாட்டீங்கதான்!

– ஒரு நிமிஷம். பேனா எடுத்துக்கறேன்... ‘மேல்நிலை... சயன்ஸ்...’ சரி. நன்றி டீச்சர்.

– என்னடா எழுதுற?

– முப்பத்தொண்ணாவது பேர்.

– உன் ஆளு பேரை எதுக்கு நீ எழுதணும்?

– அவர் எங்க ஆளா இருந்தா நான் ஏன் எழுதப் போறேன்?

– அப்ப... யாரு குடுத்தா உங்களுக்கு? இந்த நோட்டைப் பாத்து யாரோ குடுத்திருக்காங்க. வரிசை மாறாம.

– டீச்சர், நீங்க கேக்குறதுதான் எனக்குப் புரியலை. யாரும் திருட்டுத்தனமாக் குடுக்கலை. தபால்ல வந்துச்சு. சீல் போட்டு, பதிவெண் போட்டு. உண்மையைச் சொன்னா, நீங்களே உங்க ஆளுங்களைக் கைகழுவிட்டீங்கன்னுதான் மேலிடத்துல நினைச்சாங்க. ‘டீச்சர் புரிஞ்சுக்கிட்டாங்க, போய்ப் பேசு’ன்னு என்னை அனுப்பினதே அதனாலதான்.

– என்ன உளர்ற?

– நகல் என்கிட்டயே இருக்கு. படிக்கட்டுமா? சத்தமாப் படி, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்னு சொல்வீங்களே. ‘பெறுநர், மாகாணக் கல்வி அலுவலகம், விடுப்புப் பிரிவு. ஐயா, சென்ற வெள்ளிக்கிழமை நடைபெற்ற சங்கச் செயற்குழுக் கூட்டத்தில் கலந்துகொண்ட கீழ்க்காணும் முப்பது ஆசிரியர்களுக்கு, அன்றைய நாளைக் கூட்ட விடுப்பாகக் கருதி ஊதியம் பிடித்தம் செய்யாதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.’ கீழ பேருங்க. பூகோளம், பாட்டு, ட்ரில், ட்ராயிங்... அதுக்குக் கீழ ‘தங்கள் உண்மையுள்ள’. அதுக்கும் கீழ இந்தக் கையெழுத்து. பாருங்க. இந்தச் சுழியை எந்த ரேங்க் கார்டுல பாத்தாலும் நான் கண்டுபிடிச்சிருவேன்.

– கொண்டா அதை.

– வச்சுக்கோங்க. அசல் பத்திரமா இருக்கு.

– இதுல... திங்கக்கிழமை தேதி போட்டிருக்கு.

– ஆமா. உத்தரவு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. எங்களுக்கே ஆச்சரியமா இருந்துச்சு. நாங்க மாசக்கணக்குல அலைஞ்சாலும் இவ்வளவு சுத்தமான பட்டியல் கிடைச்சிருக்காது.

– நான்... இதை நான் படிக்கவே இல்லையே.

– எங்களைப் படிக்காம கையெழுத்துப் போட விட மாட்டீங்க.

– டீச்சரம்மா, சொல்லிட்டேன். ஓ... இவர் இன்னும் இருக்காரா?

– கிளம்பிட்டேன் அண்ணே. நல்லா இருக்கீங்களா? திங்கக்கிழமை பாக்கலாம் டீச்சர். யோசிச்சு வைங்க. அப்புறம், கீழ நிக்கிற வேன் எப்படியும் அந்தப் பக்கம்தான் போகுது. இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கும். மனசுல வச்சுக்காதீங்க.

– போயிட்டான். கோப்பு, கதவைச் சாத்துங்க. யார்கிட்ட சொன்னீங்க?

– ட்ரில் மாஸ்டரோட பெரிய தம்பி எடுத்தான். நான் பேரைச் சொன்னதும், ‘யாரு சொன்னது?’ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். ‘டீச்சர்’னேன். போனை அப்படியே போட்டுட்டான். வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு.

– திரும்பப் போடுங்க. இந்தப் போன்லயே போடுங்க. யார் கேட்டா என்ன இப்போ?

– என்ன சொல்லணும்?

– நான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. டீச்சர் தப்புப் பண்ணிட்டாங்கன்னு சொல்லுங்க. போடுங்க!

– அடிக்குது... அடிச்சுட்டே இருக்கு. யாரும் எடுக்கல.

– எத்தனை பேர் இருந்தாங்க அங்க?

– ஹால் நெறைய இருந்தாங்க டீச்சரம்மா. எல்லாருமே போயிட்டாங்க போல.

– சயன்ஸுக்கு அடிங்க.

– அடிக்கிறேன்... எடுக்கல. காலையில இருந்தே அப்படித்தான், சத்தத்தை அமத்தி வச்சிருப்பார். என்ன டீச்சரம்மா ஆச்சு? என்ன காகிதம் அது?

– பாருங்க. யார் கையெழுத்து இது?

– மேல பூராவும் என் எழுத்து. அடியில உங்க கையெழுத்து. நம்ம கூட்ட விடுப்புக் கடுதாசிதானே? இது எப்படி அவர் கையில?

– நீங்கதான் அனுப்பினீங்களா?

– ஒவ்வொரு கூட்டத்துக்கும் அனுப்புறதுதானே? மூணு நாளைக்குள்ள போகலைன்னா சம்பளம் பிடிச்சிருவான்னு நீங்கதான் இருபத்தாறு வருஷமா என்னை விரட்டுவீங்க. ‘வழக்கமானதை வழக்கம் போல அனுப்பு, என்னைக் கேக்காத’ம்பீங்க. திங்கக்கிழமை நோட்டைப் பாத்து எழுதி, மத்த காகிதங்களோட சேத்து நீட்டித்தான் உங்ககிட்டக் கையெழுத்து வாங்கினேன், அதைத்தான் சொல்ல வந்தேன். ரெண்டு தரம் வாயெடுத்தேன். இது லீவு செக்‌ஷனுக்குத்தானே டீச்சரம்மா போச்சு? போலீசுக்கா போச்சு?

– ரெண்டும் ஒரே கட்டடம்தான் கோப்பு.

– ஐயையோ.

– அழாதீங்க. இப்ப அழாதீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க, நான் குறுக்க பேச மாட்டேன். வரிசையா எழுதினீங்களே, நாலாவது பேரை ஏன் விட்டீங்க?

– அவர்தான் விடச் சொன்னார் டீச்சரம்மா. அன்னைக்கு அவர் சம்சாரத்துக்குப் பிரசவ வலி, காலையிலயே சொந்த லீவு எழுதிக் குடுத்திருந்தார். நீங்க கட்டாயம் வரணும்னு சொன்னதால ஒரு மணி நேரம் ஓடி வந்தார், தூணுக்குப் பின்னாடி நின்னு ஆஸ்பத்திரிக்குத்தான் பேசிட்டு இருந்தார். ஒரே நாளைக்கு ரெண்டு லீவு வாங்குனா அது பொய்க்கணக்குன்னு நீங்க சொல்லுவீங்களாம், ‘என் பேரை விட்ருங்க அண்ணே, டீச்சர் காதுக்குப் போனா வருத்தப்படுவாங்க’ன்னார்... பொண்ணு பொறந்திருக்கு, நேத்து சாயங்காலம்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க.